நாலு பதிமூணுக்கு முந்தின வசனம்

எங்க காலேஜ் பைக் ஸ்டாண்டில் ஒரு சுற்று சுற்றி வந்தால், "பிலிப்பியர் 4:13" என்று ஸ்டிக்கர் ஒட்டின வண்டி எப்படியும் நாலைந்து தேறும். செமஸ்டர் நேரத்தில் ஹால் டிக்கெட் பவுச்சுக்குள்ளும் அதே எண்ணைப் பார்க்கலாம். கிறிஸ்தவ வீட்டில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது பிலிப்பி என்ற ஊரில் இருந்த சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் வரும் ஒரு வசனம். கிறிஸ்து பெலன் தருவதால் எல்லாவற்றையும் செய்ய முடியும் என்பது அதன் சாரம். அரியர் க்ளியர் பண்ணவும் ஆப்டிட்யூட்டில் கட் ஆஃப் தாண்டவும் இதைவிடப் பொருத்தமான வசனம் உண்டா என்றுதான் தோன்றும்.

ஆனால் 4:12-ஐ யாரும் ஸ்டிக்கர் அடித்து நான் பார்த்ததில்லை. அதில், வயிறு நிறைந்திருக்கவும் பட்டினி கிடக்கவும் தான் பழகிவிட்டதாகப் பவுல் எழுதுகிறார். அதற்கு அடுத்த வரிதான் நம்ம ஸ்டிக்கர் வசனம். ஆக, அந்த 'எல்லாம்' என்பதற்குள் செலக்ட் ஆவது மட்டும் இல்லை, ரிஜெக்ட் ஆவதும் இருக்கிறது.

இதை நான் இவ்வளவு நோண்டுவதற்குக் காரணம் உண்டு. ஃபைனல் இயர், மெக்கானிக்கல். ஆகஸ்ட்டிலிருந்து இதுவரை ஒன்பது டிரைவ். நாலில் முதல் ரவுண்டோடு அவுட், மூணில் டெக்னிக்கல் வரை, இரண்டில் ஹெச்ஆர் வரைக்கும் போய் வந்தாச்சு.

எங்க ஊர் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு நடுவில் 'சாட்சி நேரம்' என்று ஒன்று வரும். நல்லது நடந்தவர்கள் முன்னால் வந்து மைக்கில் சொல்லி, ஸ்தோத்திர காணிக்கை போடுவார்கள். விசா வந்தது, லோன் கிடைத்தது, பையனுக்கு ஐடி வேலை. நன்றி சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, கிடைத்தவர்களுக்குத்தான் சாட்சி உண்டு என்று நமக்கே பழகிப்போகிறது. வளைகுடாவில் வேலை போய்த் திரும்பி வந்த மாமா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் கைக்கு மைக் போனதே இல்லை. என் பேட்ச் பையன் ஒருத்தன் போன மாசம் சாட்சி சொன்னபோது அம்மா என் காதருகே, "அடுத்து நீதாம்ல" என்றாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "ஜெபத்துல ஏதோ குறைவு இருக்கும்பா, பாரு" என்று ஒரு பெரியவர் அக்கறையாகத்தான் சொன்னார். ஒன்பது கம்பெனி சொன்னதைவிட அது வலித்தது. வேலை கிடைக்கவில்லை என்பது ஒன்று. கடவுளிடமும் பாஸ் ஆகவில்லை என்பது வேறு.

அந்த வாரம் ஹாஸ்டலில் பிலிப்பியர் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தேன். மொத்தமே 4 அதிகாரம், 104 வசனம். மெஸ் க்யூவில் நிற்கும் நேரத்தில் முடிந்துவிடும். மூன்றாம் அதிகாரத்தில் பவுல் தன் ரெஸ்யூமேயைப் போடுகிறார். எட்டாம் நாளில் விருத்தசேதனம், இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன், நியாயப்பிரமாணத்தில் குறை சொல்ல இடமில்லாதவன். அந்தக் காலத்து யூத சமூகத்தில் இது கோல்ட் மெடல் ப்ரொஃபைல். மொத்தத்தையும் கிறிஸ்துவுக்காக நஷ்டம் என்று தள்ளிவிட்டு, அடுத்து 'குப்பை' என்றே சொல்லிவிடுகிறார்.

எட்டாத பழம் புளிக்கும் என்று சொன்ன நரியின் கதை இல்லை இது. பழம் அவர் கையில் இருந்தது. அதிலும் அந்த லிஸ்ட்டில் இருப்பதெல்லாம் பக்தி சம்பந்தப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. "நாங்க அஞ்சாவது தலைமுறை கிறிஸ்தவங்க", "எங்க தாத்தா கொடுத்த மணிதான் கோயில்ல தொங்குது". சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட ஜாதிக்கொரு பக்கம் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் குப்பைக்கூடையில் போட வேண்டும். 'ஜெபத்துல குறைவு' என்ற கணக்கும் இதே வகைதான். நம்பிக்கை கிறிஸ்துமேல் இல்லாமல், நாம் எத்தனை மணி நேரம் முழங்காலில் நின்றோம் என்பதன்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்தக் கடிதம் போன ஊரும் ப்ரொஃபைலுக்குப் பேர்போனது. கி.மு. 42-இல் பிலிப்பியில் நடந்த போருக்குப் பிறகு ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களைக் குடியேற்றிய காலனி அது. ரோமக் குடியுரிமை அங்கே பெரிய கௌரவம். அவர்களுக்குத்தான் பவுல், நம் குடியுரிமை பரலோகத்தில் என்று எழுதுகிறார். தமிழ் பைபிளில் 'குடியிருப்பு' என்று இருப்பதால் அந்தக் குத்தல் நமக்குச் சட்டென்று பிடிபடாது. அதே ஊரில் அவரையும் சீலாவையும் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி, ஜெயிலில் போட்டிருந்தார்கள். நடுராத்திரியில் இருவரும் பாடிக்கொண்டிருந்ததாக அப்போஸ்தலர் 16 சொல்கிறது. கடிதம் எழுதும்போதும் கைதிதான். பிழைப்போமா மாட்டோமா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் சந்தோஷம் என்ற பேச்சு பத்து தடவைக்கு மேல் வருகிறது.

அதற்காக எப்போதும் சிரித்த முகம் என்று அர்த்தமில்லை. உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததைச் சொல்லும்போது, அவன் போயிருந்தால் துக்கத்தின்மேல் துக்கமாகியிருக்கும் என்று அதே கடிதத்தில் மனசு விட்டு எழுதுகிறார். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சந்தோஷமாக இருக்கச் சொல்கிற ஆளுக்கு அழவும் தெரிகிறது.

ரூம்மேட்டிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனுக்கு எந்தச் சாமியும் கிடையாது. "கிடைக்கலன்னு உன்ன நீயே தேத்திக்கிற, அவ்ளோதான் மச்சி" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் வெறும் ஆறுதல் என்றால் அது தோற்றவனுக்கு மட்டும்தானே உதவும்? பவுல் நிறைவாக இருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்கிறார். அப்படியானால் ஆஃபர் லெட்டர் வாங்கியவனுக்கும் இதே சிலபஸ்தான். லூக்கா 10-இல் ஊழியத்துக்குப் போன எழுபது பேர், பேய்களே எங்களுக்கு அடங்குகின்றன என்று குஷியாகத் திரும்பி வருகிறார்கள். அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் பெயர் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார் இயேசு. ஜெயித்து வந்தவர்களிடம் சொன்னது அது.

நியூ இயர் ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. நல்ல எதிர்காலம் தரும் வசனம் என்று அம்மா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அட்டையைப் பிய்க்கச் சொல்லவில்லை; இப்போது அது எனக்கு இன்னும் கனமான வசனம், அவ்வளவுதான். புதன்கிழமை பத்தாவது டிரைவ். அதற்கும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வருகிற ஞாயிறு சாட்சி நேரத்தில் பேசலாமா என்று பாஸ்டருக்குப் போன் போட்டேன்.

"என்னப்பா, கிடைச்சிருச்சா?"

"இல்லங்கய்யா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சிரு" என்றார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.