ஓதம்

பக்கத்து வீடு விலைக்கு வந்தால் நகையை அடகு வைத்தாவது வாங்கிவிட வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நான் நகையை அடகு வைக்கவில்லை. விருப்ப ஓய்வில் வந்த பணம் இருந்தது. 2022 ஜூன் மாதம், எங்கள் வீட்டோடு நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு நாற்பது வருடமாக வாடகைக்கு விடப்பட்டுப் பாழாகிக் கிடந்த வீட்டை வாங்கினேன்.

திருக்கடையூரைத் தெரியாதவர்கள் குறைவு. அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்காத நாள் இங்கே அபூர்வம். விடியற்காலையில் தெருவில் இறங்கினால் மாலையும் கழுத்துமாகக் கிழத் தம்பதிகள் எதிர்ப்படுவார்கள். பின்னால் பேரப்பிள்ளைகள் தூக்கம் கலையாத முகத்தோடு வருவார்கள். இந்தக் கூட்டத்துக்கு அறை வேண்டும், கூடம் வேண்டும், சமையற்கட்டு வேண்டும். எனவே கோயிலைச் சுற்றிய தெருக்களில் திண்ணை வைத்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து தங்கும் விடுதிகளாக எழுந்தன. பக்கத்து வீடும் அப்படிப் போய்விட்டால் எங்கள் முற்றத்துக்கு வெயிலே வராது என்பது என் முதல் பயம். அம்மாவின் பயம் வேறு. அந்தக் கொல்லையிலிருந்து வருகிற பாம்பு.

கோயில் ஊரில் வீடு வாங்குகிறவர் முதலில் கேட்கவேண்டியது அடிமனை யாருடையது என்பதுதான். மேலே நிற்கும் சுவரும் கூரையும் ஒருவருடையதாக இருக்கும். கீழே உள்ள மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். எங்கள் தெருவில் எங்கள் வரிசைக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிக்கல் வாரிசுகளால் வந்தது. உரிமையாளர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் மூவர், பெண் ஒருவர். நால்வரும் நான்கு ஊர்களில் இருந்தார்கள். வாரிசுச் சான்றும் வில்லங்கச் சான்றும் சேர்ந்து வர ஏழு மாதம் பிடித்தது. அப்போது முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு, ஆகப் பதினொன்று. மூலப்பத்திரத்தை நான் இரண்டு முறை படித்தேன். பழைய பத்திரங்களில் வருகிற அந்த ஒரே மூச்சு வாக்கியத்தில், மரம் மட்டை கிணறு இவைகளோடு ‘மாமூல் ஜலதாரை பாத்தியம் சகிதம்’ என்றும் இருந்தது. எல்லாப் பத்திரத்திலும் இருப்பதுதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

விலை பேசும்போது என்னிடம் இருந்த ஆயுதம் ஓதம். கூடத்துச் சுவரில் ஆறடி உயரத்துக்கு ஈரம் ஏறி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே செங்கல் உப்புப் பூத்து மாவாகிக்கொண்டிருந்தது. மூத்த பிள்ளையைக் கூட்டிப்போய் சுவரை விரலால் சுரண்டிக் காட்டினேன். விரலோடு ஒரு கைப்பிடி மண் வந்தது. கேட்ட விலையில் மூன்று லட்சம் குறைந்தது.

அந்த வீட்டைப் பற்றி எங்களிடம் வெகுகாலமாக ஒரு குறைப்பட்டியல் இருந்தது. நடுச்சுவரின் ஈரம் எங்கள் பூஜை அறைக்கும் கசிந்தது. வருடந்தோறும் சுண்ணாம்பு அடிப்போம், தைக்குள் உதிரும். ‘குடித்தனக்காரன் வீடு அப்படித்தான்’ என்று அப்பா சொல்வார். அப்பாவுக்குப் பின் அந்த வாக்கியத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் பள்ளி ஆசிரியர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். பிறகு மின்வாரிய ஊழியர்; அவர் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பிறகு பாத்திரக்கடைக்காரர் ஒருவர் சரக்குப் போட்டு வைத்தார். கடைசி இருபது வருடம் கல்யாணச் சமையல் செய்கிற ஒரு அம்மாளும் அவரது ஆட்களும். வாடகை இறங்க இறங்கச் சொந்தக்காரர் வருவது குறைந்தது. அவர் வருவது குறையக் குறைய ஓடு சரிந்தது. 2022 மார்ச்சில் கோயில் குடமுழுக்கின்போது தெருவே வெள்ளையடித்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டுத் திண்ணையில் மட்டும் கரிப்பிடித்த அண்டாக்கள் கவிழ்த்துக் கிடந்தன.

சமையல்கார அம்மாவுக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன். அவர் சண்டை ஏதும் போடவில்லை. சாவியைக் கொடுக்கும்போது, “மழைக்கு முன்னாடியே போறது நல்லதுதான் தம்பி” என்றார். அது ஏதோ சகுனம் பார்த்துச் சொல்கிற பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

சுத்தம் செய்யத் தொடங்கியது ஆடி மாதம். பதினோரு டிராக்டர் குப்பை. பரணிலிருந்து வௌவால் புழுக்கை சாக்குக் கணக்கில் இறங்கியது. உடைந்த ஜல்லிக்கரண்டிகள், அடி ஓட்டையான அன்னக்கூடை, யாருடையதோ குழந்தை நடைவண்டி ஒன்று, 1991ஆம் வருடத்து நாள்காட்டி, கொல்லையில் ஒரு சாரைப்பாம்பு. அம்மா சொன்னது அந்த ஒரு விஷயத்தில் சரி. கூடத்துச் சுவரில் கரியால் எழுதிய பால் கணக்கு ஓதத்துக்கு மேலே தப்பியிருந்தது. அதையும் அடித்து வெளுத்தோம். கரையான் எல்லா இடத்திலும் இருந்தது, தேக்கு நிலைகளைத் தவிர. யாரோ அவற்றுக்கு நீல எனாமல் வர்ணம் பூசியிருந்தார்கள். தேக்குக்கு எனாமல் பூசியவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. உப்புத்தாள் வாங்கிக்கொண்டு நானே உட்கார்ந்து தேய்த்தேன்.

சமையலறை நிலைக்காலைத் தேய்க்கும்போது கத்தியால் கீறிய கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் பொடி எண்கள்: 84, 85, 86, 87. பிள்ளைகளின் உயரத்தைக் குறித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கோடுகள் தரையிலிருந்து நாலு விரல், ஆறு விரல், ஒரு சாண் உயரத்தில் இருந்தன. “இது என்ன, எலிக்குட்டிக்கு உயரம் பார்த்திருக்கிறார்களா?” என்று என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த வருடம் நவம்பர் 11ஆம் தேதி பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். எங்கள் ஊரிலும் வயலும் வாய்க்காலும் பிரித்தறிய முடியாமல் போயிற்று. மறுநாள் காலை குடையோடு புதுவீட்டைத் திறந்தேன். முற்றம் நிரம்பி, தாழ்வாரத்தை மூழ்கடித்து, கூடத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது. எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு சொட்டு நிற்கவில்லை. அந்தத் தெருவிலேயே வேறு எந்த முற்றத்திலும் அப்படி நிற்கவில்லை. சமையலறை நிலைக்காலைப் பார்த்தேன். தண்ணீர் 86க்கு மேலே, 87க்குச் சற்றுக் கீழே இருந்தது. சிரித்தது ஞாபகம் வந்தது.

தண்ணீர் வடிய ஒன்பது நாளாயிற்று. அதுவும் வாடகை மோட்டார் வைத்து. பிறகு தரங்கம்பாடியிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பு அங்கே பழைய வீடுகளைப் புதுப்பித்தபோது வேலை செய்து சுண்ணாம்பு வேலை கற்றவர். வந்தவர் சுவரைப் பார்க்கவே இல்லை. முற்றத்தில் குந்தி உட்கார்ந்து மூலையில் இருந்த கல்லை நெம்பினார். கீழே செங்கல் கட்டிய மதகு ஒன்று, ஒரு முழ அகலம், மண்டி அடைந்து கிடந்தது. “தண்ணிக்கு வழி இல்லாம எந்தக் கொத்தனும் அந்தக் காலத்துல முத்தம் வெக்க மாட்டான் ஐயா” என்றார். நீளமான கம்பியை உள்ளே செலுத்தினார். பதினோரு அடி போய் அது ‘டக்’கென்று நின்றது. இந்தப் பக்கம் அளந்து பார்த்தோம். சரியாக எங்கள் குளியலறைக்கும் கழிவுத்தொட்டிக்கும் அடியில்.

குளியலறை அப்பா கட்டியது. 1984 கோடை. தெருவிலேயே முதன்முதலாகப் பளிங்குக் கல் ஒட்டிய குளியலறை என்று அவருக்கு அதில் பெருமை.

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். காது மந்தம், ஆனால் இந்தக் கேள்வி முதல் தடவையே கேட்டது. “அந்த வீட்டுத் தண்ணி நம்ம கொல்லை வழியாத்தான் பின்னாடி வாய்க்காலுக்குப் போவும். எப்பவும் அப்படித்தான். தொட்டி கட்டறப்ப மூடிட்டாங்க.” சற்று நேரம் கழித்து, “உங்கப்பாவுக்குத் தெரியும்டா” என்றார். பிறகு, நான் கேட்காமலே, “எழுபத்தேழு புயல்ல நாம எங்க படுத்திருந்தோம்? ஞாபகம் இருக்கா?” என்றார்.

இருந்தது. 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல். எனக்கு ஏழு வயது. எங்கள் வீட்டு ஓடுகள் பறந்துபோய், நடு இரவில் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். வாத்தியார் வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் ஒரே ஜமக்காளத்தில் நான்கு நாள் கிடந்தோம். வெளியே தென்னைகள் முறிந்துகொண்டிருந்தன. அந்த வீட்டு முற்றத்தில் மழை விழுந்து, சுழித்து, மூலைக் கல்லுக்குள் போய்க்கொண்டே இருந்ததை நான் படுத்தபடி பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன்.

இன்னொரு ஞாபகத்தை நான் அதோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. பிற்பாடு ஒரு மழைக்காலத்து மாலையில் வாத்தியார் மடக்கிய குடையிலிருந்து நீர் சொட்ட எங்கள் திண்ணைக்குக் கீழே நின்றார். திண்ணையில் ஏறவில்லை. வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. தண்ணீர் வடியவில்லை என்று ஏதோ சொன்னார். அப்பா செய்தித்தாளை மடிக்காமலே, “வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க சார். நான் என்ன பண்ண முடியும்?” என்றார். வாத்தியார் என்னைப் பார்த்துப் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் அதற்கு மேல் வரவில்லை. வருடா வருடம் நிலைக்காலில் ஒரு கோடு கீறினார். அறிவியல் வாத்தியார். 87க்குப் பிறகு கோடு இல்லை. அதற்கடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வழக்கறிஞராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது என்றார். ஈஸ்மெண்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் மனைத் தண்ணீர் அடுத்தவர் மனை வழியாகப் போகும் உரிமை. வாத்தியாரின் வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தால் அப்பா தோற்றிருப்பாராம். “இப்ப கவலையில்ல. ரெண்டு மனையும் ஒருத்தர் கைக்கு வந்தா அந்த உரிமையே அத்துப்போயிடும். சட்டத்துலயே இருக்கு” என்று ஆறுதலாகச் சொன்னார். பத்திரத்தை மறுபடி எடுத்து அந்த ‘ஜலதாரை பாத்தியம்’ என்ற இடத்தைப் பார்த்தேன்.

மூன்று லட்சம் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் அப்பா ஏற்றிய ஓதத்தைக் காட்டி நான் விலை குறைத்திருக்கிறேன். ஒருநாள் துணிந்து மூத்த பிள்ளைக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு அவர், “சார், தயவுசெய்து என் தம்பிங்ககிட்ட சொல்லிடாதீங்க. மறுபடியும் பங்கு பிரிக்கணும்னு உக்காந்துடுவாங்க” என்றார். சிரித்தாரா என்பது தெரியவில்லை. பணம் என்னிடம்தான் இருக்கிறது, அல்லது சுவரில் இருக்கிறது.

குளியலறையை இடித்தோம். கழிவுத்தொட்டியை வேறு மூலைக்கு மாற்றினோம். மதகு வாய்க்கால்வரை மீண்டும் கட்டப்பட்டது. சுவருக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் சொந்தக்காரர் ஓதத்தை மறைக்க ஐந்தடி உயரத்துக்குச் சிமெண்டு பூசியிருந்தார். தரையிலிருந்து உறிஞ்சப்படும் நீர் மண்ணின் உப்பையும் தூக்கிக்கொண்டு ஏறும். சுண்ணாம்புப் பூச்சென்றால் அந்த நீர் ஆவியாக வெளியேறிவிடும். சிமெண்டு அதைத் தடுத்துவிட, நீர் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் கக்கும். ஐந்தடி ஓதம் ஆறடி ஆனது அப்படித்தான். சிமெண்டை எல்லாம் கொத்தி எடுத்து, செங்கலைத் துடைப்பத்தால் பெருக்கி உப்பை வாரி, பங்குனி சித்திரை வைகாசி மூன்று மாதமும் சுவரை அம்மணமாகக் காயவிட்டோம். சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் சேர்த்துக் குழைத்து 2023 ஆனியில் பூசினோம். கொத்தனார் சமையலறை நிலையையும் இழைத்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வாத்தியார் குடும்பத்தைத் தேடினேன். அவர் வேலை பார்த்த பள்ளியில் கேட்டதில், ஓய்வுபெற்ற சில வருடங்களிலேயே காலமாகிவிட்டதாக ஒரு பழைய ஆசிரியர் சொன்னார். பிள்ளைகள் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

சமையல்கார அம்மாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு மண்டபத்தின் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தார். இருபது வருடமும் மழைக்காலத்தில் மோட்டார் வாடகையைத் தன் கைக்காசில் கொடுத்து வந்ததை அப்போதுதான் சொன்னார். அண்டாக்களைத் திண்ணையில் கவிழ்த்ததும் உள்ளே வைக்க உலர்ந்த இடம் இல்லாததால்தானாம். பழைய வாடகைக்கே திரும்பி வரமுடியுமா என்று கேட்டேன். வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஐப்பசியில் ஒருநாள், நல்ல மழை பெய்து ஓய்ந்த முற்பகலில் வந்தார். செருப்பை ரேழியில் விட்டுவிட்டுக் கூடத்தின் புதுச்சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். மூலைக் கல்லுக்குள் கடைசித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தாழ்வாரம் காய்ந்து கிடந்தது. சமையலறைப் பக்கம் போகத் திரும்பியவர், காலை எடுத்து வைக்குமுன் இரண்டு கையாலும் புடவைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.