ஸ்விட்சை அணைத்த பிறகு

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? எலெக்ட்ரிக் வயரிங் விஷயத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேருடைய சித்தாந்தம் இதுதான். ஸ்விட்சைப் போட்டால் எரிய வேண்டும்; மறுபடி தட்டினால் அணைய வேண்டும். சுவருக்குள்ளே எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதெல்லாம் பரம ரகசியம். அதை ஆராய்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். என் தாயார் பேசாமல் இருக்க மறுத்துவிட்டாள். அதனால் வந்தது இந்தக் கட்டுரை.

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனில் குளியலறை பழைய காலத்துச் சமாசாரம். ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. அதற்கு மேலே ஒரு வென்டிலேட்டர். அதில் இரும்புக் கூடு போட்ட எக்ஸாஸ்ட் ஃபேன். பக்கத்தில் ஒரு பல்பு. இரண்டுக்கும் சேர்த்து வெளியே ஒரே ஒரு ஸ்விட்ச். விளக்கைப் போட்டால் விசிறியும் கூடவே கிளம்பிவிடும். நடுநிசியில் யாராவது உள்ளே போனால், அது போடும் 'கடகட'வில் ஆறு வயதுப் பெண் விழித்துக்கொள்வாள். பிறகு அவளைத் தூங்க வைப்பது என் மனைவியின் பொறுப்பு. "ரெண்டுக்கும் தனித்தனியா ஸ்விட்ச் வைக்கக்கூடாதாங்க?" என்று அவள் கேட்டு ஆறு மாதம் ஆயிற்று. மேற்படி விண்ணப்பம் குடும்பப் பரிசீலனையில் இருந்தது.

இதற்கிடையில் பெண் ஒரு புது விஷயம் கண்டுபிடித்தாள். ஸ்விட்சை அணைத்த பிறகும் அந்த எல்.இ.டி. பல்பு இருட்டில் மங்கலாக மினுமினுக்கிறதாம். "பாத்ரூம்லே மின்மினி இருக்குப்பா!" என்றாள். போய்ப் பார்த்தேன். வாஸ்தவம்தான். ஸ்விட்சிலேயே சிறு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் இந்த மாதிரிப் பல்புகள் இப்படி மினுக்குவது உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். ஆனால் எங்கள் ஸ்விட்சில் இண்டிகேட்டர் கிடையாது.

அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்கும் வைபவம். அம்மா தொட்டியின் ஈர விளிம்பில் ஏறி நின்றுகொண்டு, ஈரத்துணியால் விசிறிக் கூட்டைத் துடைத்திருக்கிறாள். ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினாள். அந்த ஜாக்கிரதையெல்லாம் அவளுக்கு உண்டு. கை பட்டதும் 'சுர்'ரென்று இழுத்திருக்கிறது. துணியைப் போட்டுவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தவள், காப்பியைக்கூடத் தொடவில்லை. அந்த விளிம்பிலிருந்து வழுக்கி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு உடம்பு நடுங்கியது.

கீழே இருக்கும் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஸ்விட்ச் ஆஃப்லே இருந்துது, ஆனா ஷாக் அடிச்சுதுங்கிறீங்க. அது எப்படி சார்? வயசானவங்களுக்கு நரம்புத் தளர்ச்சி இருக்கும். டாக்டரைப் பாருங்க" என்றார். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் வழியாக அவளே கேட்டுவிட்டாள். "எனக்கா நரம்புத் தளர்ச்சி? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுடா!" என்றாள்.

வந்தவர் எங்கள் தெருவிலேயே நாற்பது வருஷமாக வேலை செய்கிற பெரியவர். அதிகம் பேசமாட்டார். அம்மா சொன்னதைக் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். அதிலேயே அம்மாவுக்கு அவர்மேல் பாதி மரியாதை வந்துவிட்டது. பிறகு டெஸ்டரை எடுத்து முதலில் கூடத்து பிளக்கில் வைத்துப் பார்த்தார். "அங்கே என்ன ஐயா கோளாறு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லே தம்பி. டெஸ்டர் வேலை செய்யுதான்னு பார்த்தேன். செத்துப்போன டெஸ்டரை நம்பிக் கம்பியைத் தொட்டவங்க உண்டு" என்றார்.

விசிறியின் மூடியைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். ஸ்விட்ச் போட்டிருக்கும்போது டெஸ்டரை வைத்தார். ஒரு முனையில் எரிந்தது, மற்றொன்றில் எரியவில்லை. "சரியாத்தானே இருக்கு?" என்றேன். "போட்டிருக்கிறப்போ எல்லாம் சரியாத்தான் இருக்கும். இப்போ அணைங்க" என்றார். அணைத்தேன். விசிறி நின்றது. டெஸ்டரை மறுபடி வைத்தார். எரியாமல் இருக்கவேண்டிய அந்த டெஸ்டர் இப்போது இரண்டு முனையிலும் எரிந்தது! பெரியவர் திரும்பி அம்மாவைப் பார்த்து, "நீங்க சொன்னது சரிம்மா" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க என்னிடம் வார்த்தை இல்லை.

விஷயம் இதுதான். வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். 230 வோல்ட் இருப்பது ஃபேஸில். மின்சாரம் அதன் வழியாக வந்து, விளக்கிலோ விசிறியிலோ வேலை செய்துவிட்டு, நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. ஸ்விட்சை எந்தக் கம்பியின் நடுவில் வைத்தாலும் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் எந்தக் கம்பியில் வைக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்களேன். தண்ணீர் வரும் குழாயை மூடினாலும் ஓட்டம் நிற்கும். வெளியேறும் வாயை அடைத்தாலும் நிற்கும். முதலாவதில் தொட்டி காலி. இரண்டாவதில் அது தளும்பத் தளும்ப நிரம்பி நிற்கும். எங்கள் குளியலறையில் அடைத்திருந்தது வெளியேறும் வாயை. அதாவது ஸ்விட்ச் நியூட்ரலில் இருந்தது. அணைத்த பிறகு விசிறியின் கம்பிச் சுருள் முழுவதும் ஃபேஸை ஏந்திக்கொண்டு காத்திருந்தது. பல வருஷத்து ஈரத்தில் அதன் இன்சுலேஷனும் தளர்ந்து, கொஞ்சம் மின்சாரம் இரும்புக் கூட்டுக்குக் கசிந்திருக்கிறது. கூட்டுக்கு எர்த் கம்பி கொடுக்கவே இல்லை. பாக்கி வழியை அம்மாவின் கையும் ஈரக் காலும் கொடுத்தன. பெண் பார்த்த மின்மினிக்கும் அதே காரணந்தான்.

ஸ்விட்ச் ஃபேஸில்தான் இருக்கவேண்டும் என்பது ஏதோ பெரியவரின் சொந்த அபிப்பிராயம் அல்ல. நியூட்ரலில் மட்டும் தனியாக ஸ்விட்சோ ஃபியூஸோ வைக்கக்கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. 2010-இல் அவற்றுக்குப் பதிலாகப் புது ஒழுங்குமுறைகள் வந்தபோதும் இந்த விதி விடப்படவில்லை.

பின் எப்படி மாறிற்று? பெரியவர் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்ததும் புரிந்தது. சமையலறை போர்டிலிருந்து இரண்டு கம்பிகள் வந்திருந்தன. இரண்டும் சிவப்பு. நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பது நம் ஊர் வழக்கம். "கையிலே ஒரே ஒரு சிவப்புச் சுருள்தான் மிச்சம் இருந்திருக்கும். ரெண்டுக்கும் அதையே இழுத்துட்டான். அப்புறம் எது எதுன்னு அவனுக்கே தெரியலே. போட்டான், எரிஞ்சுது, காசை வாங்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

போர்டில் இரண்டு கம்பியை இடம் மாற்றினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் பெரியவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. குழாய்க்குள் ஸ்பிரிங் விட்டுப் பழைய கம்பிகளை உருவிவிட்டு, நான்கு புதுக் கம்பிகளை இழுத்தார்: விளக்குக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாகக் கறுப்பு நியூட்ரல் ஒன்று, பச்சை எர்த் ஒன்று. அந்தச் சாக்கில் என் மனைவியின் விண்ணப்பமும் நிறைவேறி, ஸ்விட்ச் இரண்டாயிற்று. கசிந்த விசிறியைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டார். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தினார். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சரியாக இருக்கிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் அளவுக்குத் துண்டு விழுந்தால், கண் சிமிட்டுவதற்குள் இணைப்பை அறுத்துவிடும். லேசான 'சுர்'ரெல்லாம் அதன் கணக்கில் வராது. ஆளைக் கொல்லும் கசிவு வரும்.

பெரியவர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் மேலே வந்தார். செலவில் பாதியைக் கேட்டுவிடுவேனோ என்ற கவலை முகத்தில் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன் அம்மா முந்திக்கொண்டாள். "கீழ் வீட்டுக் குளிக்கிற ரூமுக்கும் அதே ஆள்தானே வயர் இழுத்தான்?"

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இப்போ உங்களுக்கு வேறே வேலை ஒண்ணும் இல்லையே?"