தம்பிக்கு, அந்த பெர்மிஷன் பட்டியல் பற்றி

அன்புள்ள முத்து,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறுகிறாள். உன்னை நினைத்துத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் கவலை. ஆடிட்டர் கேட்டதற்காக, ரிப்போர்ட் சர்வரில் யாருக்கு என்ன பெர்மிஷன் என்று ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து, ராத்திரியெல்லாம் எக்செலில் ஏற்றுகிறாயாமே! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாடா?

எல்லாம் ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸிலேயே இருக்கிறது. கேட்டலாக் டேபிளில் ஃபோல்டரும் ரிப்போர்ட்டும் இருக்கும். அதன் பாலிசிஐடியைப் பிடித்து பாலிசியூசர்ரோலுக்குப் போ; அங்கிருந்து யூசர்ஸ், ரோல்ஸ் இரண்டையும் சேர். ஃபோல்டர், ரிப்போர்ட் பெர்மிஷன் மொத்தமும் ஒரே குவெரியில் வந்துவிடும். செலக்ட் மட்டும் போடு. அப்டேட், டெலீட் பக்கம் போகவே போகாதே. மாற்ற வேண்டியதை வெப் போர்ட்டலில் மாற்று.

வந்ததை அப்படியே அனுப்பிவிடாதே. பரீட்சைத் தாளைத் திருப்பிப் பார்க்காமல் நீட்டிவிட்டு விளையாட ஓடியவன் நீ, அதனால்தான் பயப்படுகிறேன். கேட்டலாக்கில் பாலிசிரூட் 1 என்று இருக்கும் வரிகளை முதலில் பார். மேல் ஃபோல்டரைப் பின்பற்றாமல் தனியாக பெர்மிஷன் கொடுத்த இடங்கள் அவை. ‘இந்த மாசம் மட்டும்’ என்று கொடுத்து, யாரும் திரும்ப எடுக்காதது அங்கேதான் கிடக்கும். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் போல சர்வர் முழுவதற்குமான ரோல்கள் கேட்டலாக்கிலிருந்து ஜாயின் போட்டால் நழுவிவிடும், தனியாக எடு. குரூப் இருந்தால் அதன் பெயர் மட்டும்தான் வரும். உள்ளே யார் யார் என்பதை ஆக்டிவ் டைரக்டரியில் பார்.

யார் எதைத் திறந்தார்கள் என்று எக்ஸிக்யூஷன்லாக்3 சொல்லும். ஆனால் யாரும் மாற்றாவிட்டால் 60 நாள் கணக்குத்தான் அதில் தங்கும். வருஷக் கடைசியில் மட்டும் ரிப்போர்ட் பார்க்கிறவர் அதில் வரமாட்டார். அதை வைத்து யாருடைய பெர்மிஷனையும் வெட்டிவிடாதே. ஃபோல்டருக்குப் பொறுப்பானவரிடம் நேரில் போய்க் கேள்.

ஆடிட்டருக்காக மட்டும் இதைச் செய்யாதே, முத்து. சம்பள ரிப்போர்ட்டில் ஒருவருடைய கடன் பிடித்தம் இருக்கும், குடும்பக் கஷ்டம் தெரியும். வேண்டாதவர் கண்ணில் அது படாமல் காப்பது பெரிய பொறுப்பு. ஒருவருக்கு பெர்மிஷனை எடுக்க நேர்ந்தால் நாலு பேர் முன்னால் சொல்லாதே. தனியாகக் கூப்பிட்டுச் சொல். அவர் அதைக் கேட்டு வாங்காதவராகக்கூட இருக்கலாம்.

குவெரியை எழுதி எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா