அந்தத் தலைப்பை நான்தான் வைத்தேன்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் தூக்கத்திலும் "மதுரை, மதுரை, மதுரை" என்று குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். தெற்கே போகிற பஸ்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. சின்ன வயதில் எனக்குக் கடல் என்றால் அந்த பஸ்களின் பலகையில் இருந்த ராமேஸ்வரம், தூத்துக்குடி என்ற பெயர்கள்தான். தண்ணீர் என்றால் எங்கள் சிங்காநல்லூர் குளம். அதைத் தாண்டி யோசித்ததில்லை.

இப்போது எனக்கு டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. ஒரு ஷிஃப்டில் பத்து, பன்னிரண்டு செய்திகள் போடுவேன். போன வருடம் ஒரு மாலை, நாலு வரித் தகவல் ஒன்று வந்தது. மன்னார் வளைகுடாவில் பாதுகாக்கப்பட்ட தீவு ஒன்றின் அருகே போன சில பெண்களை எச்சரித்து அனுப்பினார்கள் என்பதுதான் விஷயம். நான் வைத்த தலைப்பு: 'தடையை மீறி கடல் தேசியப் பூங்காவுக்குள் அத்துமீறல்... சிக்கிய பெண்கள்!' பவளப்பாறையின் பளிச்சென்ற படம் ஒன்றையும் சேர்த்துப் போட்டேன். பத்து நிமிட வேலை. செய்தி நன்றாக ஓடியது.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு போன். பாம்பன் பக்கத்திலிருந்து கல்லூரியில் படிக்கிற பெண்.

"அக்கா, நீங்க எழுதியிருக்கிற அத்துமீறுனவங்கள்ல எங்கம்மாவும் ஒருத்தங்க. பாசி எடுக்கப் போனாங்க. எங்க பாட்டி காலத்துலேருந்து போறாங்க. எங்க கிளாஸ் குரூப்ல அந்த நியூஸைப் போட்டுட்டாங்க."

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. "ஒரு தடவை வந்து பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மாதம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மதுரை பஸ் ஏறினேன். "கடலுக்குள்ள கிடலுக்குள்ள இறங்கிராத கண்ணு" என்று அம்மா ஜன்னலோரம் நின்று சொன்னார்.

மதுரையில் பஸ் மாறி, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் தாண்டி பாம்பன் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்கள் அமைதியான வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், அலையடிக்கும் தெற்குப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். வெறும் படமாகப் பார்த்து எழுதிய இடம், ஜன்னல் வழியே உப்புக் காற்றாக முகத்தில் அடித்தது.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையை ஒட்டி வரிசையாக 21 சின்னத் தீவுகள். யாரும் குடியிருப்பதில்லை. சுற்றிலும் பவளப்பாறை, கடற்புல். 1986-ல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. 117 வகைப் பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை, ஆமைகள், டால்பின்கள், கடற்புல் மேய்கிற கடல்பசு என்று 3,600-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இங்கே இருப்பதாகக் கணக்கு. இதையெல்லாம் நான் ஏற்கெனவே பலமுறை 'தெரியுமா உங்களுக்கு?' பாணியில் எழுதியிருக்கிறேன்.

எழுதாதது அந்த அம்மாவின் விரல்களை. நகக்கண் எல்லாம் வெட்டு. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. அவ்வளவுதான். ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் கிடையாது. மூச்சைப் பிடித்து உள்ளே போய், பாறையில் இருக்கிற பாசியைக் கையால் பறித்து, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வரவேண்டும்.

"எதுக்கும்மா இந்தப் பாசி?" என்று கேட்டேன்.

"மரிக்கொழுந்துன்னா கடல்பாசி காய்ச்சத்தான் தாயி. கட்டக்கோரை வேற. கம்பெனிக்காரங்க வாங்கிட்டுப் போவாங்க."

நோன்புக் காலத்தில் எங்கள் தெரு பாத்திமா அக்கா வீட்டிலிருந்து வருகிற கடல்பாசியின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. அகர் என்கிற அந்தப் பொருள் ஐஸ்கிரீமில் இருக்கிறது. பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்க்கிற தட்டில் இருக்கிறது. எங்கள் கொங்கு விவசாயிகள் வாங்குகிற திசு வளர்ப்பு வாழைக்கன்று, கண்ணாடிக் குப்பிக்குள் முதலில் வேர் ஊன்றுவதும் இதுபோன்ற அகர் கூழில்தான்.

"தேசியப் பூங்கான்னு சொன்னப்புறமும் ஏன் போறீங்க?" நிருபர் குரலில்தான் கேட்டேன்.

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. பாசியைக் காயப்போட்டுக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா காலத்துல வள்ளம் வள்ளமாக் கல்லை வெட்டி எடுத்துட்டுப் போனாங்க. சுண்ணாம்புக்கு, வீடு கட்ட. அதெல்லாம் உசுருள்ள கல்லு. அதை எடுத்துத்தான் தீவு போச்சு. நாங்க புல்லுப் பறிக்கிற மாதிரி பறிக்கிறோம். வேரை விட்டாத்தானே அடுத்த தடவை வரும்?"

அவர் சொன்னதில் முதல் பாதிக்கு ஆதாரம் இருக்கிறது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் மணல் கரைந்துபோனதே முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கிற வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர். 2014 வாக்கில் ஏறக்குறைய இரண்டு ஹெக்டேர்தான் மிச்சம். அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கவேண்டி வந்தது. பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு கிடைத்ததே 2001-ல்தான்.

இரண்டாவது பாதியும் வெறும் பேச்சு அல்ல. பாசி எடுக்கும் பெண்கள் சேர்ந்து தாங்களே விதி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாதத்தில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது. இரும்புச் சுரண்டி கூடாது, கைதான். இந்தப் பெண்களை ஒன்றுசேர்த்ததற்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது.

இதனால் எல்லாம் சரி என்று சொல்லவரவில்லை. பாறை மேல் கால் வைத்தால் பவளம் உடையும். நிறையப் பேர் போனால் நிறைய உடையும். பூங்கா என்று ஒன்று இல்லாவிட்டால் இன்னும் சில தீவுகளை நாம் இழந்திருப்போம். அந்த அம்மாவே "காவல் வேணாம்னு சொல்லல. எங்களையும் கேட்டுட்டு வைங்கன்னுதான் சொல்றோம்" என்றார்.

என்னை உறுத்தியது வேறு. வளைகுடாவுக்குக் கேடு செய்தவற்றைப் பட்டியல் போட்டால் கல் வெட்டியவர்கள் வருவார்கள். கடலைச் சுரண்டும் மடிவலைகள் வரும். கரையோர ஆலைக் கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் வரும். வணிகத்துக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் என்ற பாசி வரும். அது குருசடைத் தீவின் பவளங்கள் மேல் போர்வையாகப் படர்ந்து, அவற்றை மூச்சுமுட்ட வைத்தது. கடல் சூடாகி 1998-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்ததும் வரும். இவற்றில் எதற்கும் நான் 'அத்துமீறல்' என்று தலைப்பு வைத்ததில்லை. ஆலைக்கு 'வளர்ச்சி', கடல் சூட்டுக்கு 'பருவநிலை மாற்றம்'. இடுப்பில் பை கட்டிய பெண்ணுக்குத்தான் 'சிக்கினார்'.

அந்த வளர்ச்சியில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. திருப்பூர் பனியனும் எங்கள் ஊர்ச் சரக்குகளும் கன்டெய்னர் ஏறி தூத்துக்குடித் துறைமுகத்துக்குத்தான் போகின்றன. கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி-யின் பெயரைத் தாங்கிய துறைமுகம் அது. அந்தக் கன்டெய்னர்களை நம்பி என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் சம்பளம் வாங்குகிறார்கள். மன்னார் வளைகுடா எங்களுக்குத் தூரம் என்று நான் நினைத்திருந்தது வெறும் பஸ் டிக்கெட் கணக்கு.

ஊர் திரும்பிய மறுநாள் காலை சிங்காநல்லூர் குளக்கரைக்குப் போனேன். 2017-ல் இதை நகர்ப்புறப் பல்லுயிர் மண்டலமாக அறிவித்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. தண்ணீரில் கூழைக்கடா மிதந்தது. சாக்கடை நாற்றமும் இருந்தது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையனை ஒருவர் விரட்டிக்கொண்டிருந்தார். இந்தக் குளத்தைப் பற்றி நானே இரண்டு செய்தி எழுதியிருக்கிறேன். சாக்கடை 'கலந்தது' என்று எழுதினேன். அதை யாரோ கலந்ததாக எழுதவில்லை.

அலுவலகத்தில் பேசி, பழைய செய்தியைத் திருத்தினேன். புதுத் தலைப்பு: 'பாசி எடுக்கச் சென்ற பெண்கள் எச்சரிக்கப்பட்டனர்: தொழிலும் பாதுகாப்பும் மோதும் மன்னார் வளைகுடா'. பவளப்பாறைப் படத்தை எடுத்துவிட்டு, அந்த அம்மாவிடம் கேட்டு எடுத்த கைகளின் படத்தைப் போட்டேன். முதலில் வைத்த தலைப்பு தவறு என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன். அதைப் படித்தவர்கள் முதல் செய்தியைப் படித்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

லிங்க்கை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது.

'அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன்க்கா. கை போட்டோ பார்த்து சிரிச்சாங்க. வர்ற அமாவாசைக்கு மறுபடி கடலுக்குப் போவாங்க. அன்னிக்கும் எச்சரிச்சா, அதையும் எழுதுவீங்களான்னு கேக்கச் சொன்னாங்க.'

எழுதுவேன் என்று பதில் போட்டேன். காலண்டரில் அமாவாசையைப் பார்த்துக் குறித்தும் வைத்திருக்கிறேன்.