கார் வாங்கியவர்கள் சிரிப்பதில்லை

வெள்ளைக்காரன் ஊர்சுற்றும் நகைச்சுவைப் படம் எடுத்தால் அதில் கட்டாயம் ஒரு கார் இருக்கும். அது நடுவழியில் மக்கர் பண்ணும், மழை பிடித்துக்கொள்ளும், புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். 1953இல் ஹென்றி கார்னீலியஸ் எடுத்த ‘ஜெனிவீவ்’ இந்த வகையில் எனக்குப் பிடித்தது. ஜெனிவீவ் கதாநாயகியின் பெயரல்ல. 1904ஆம் வருஷத்து டராக் காரின் பெயர். லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு வருஷாவருஷம் பழங்கார்கள் அணிவகுத்துப் போகும். திரும்பும்போது யார் முதலில் லண்டன் சேர்வது என்று இரண்டு நண்பர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். கதை அவ்வளவுதான். அந்தக் காரை ஓட்டுபவராக நடித்த ஜான் கிரெக்சனுக்கு அப்போது கார் ஓட்டவே தெரியாதாம். அவர் முகத்தில் தெரியும் பயத்தில் பாதி நடிப்பில்லை என்பது என் சந்தேகம்.

நம்மவர்கள் கார் இல்லாமலே இந்த வித்தையைச் செய்தார்கள். 1966இல் திருமலை–மகாலிங்கம் இயக்கத்தில் ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ வந்தது. ரவிச்சந்திரன், கல்பனா, கண்டக்டர் நாகேஷ், ஒரு பஸ், அது நிறையப் பயணிகள். 150 சொச்சம் கிலோமீட்டர் தூரத்தை ஒரு முழுப்படமாக இழுத்திருக்கிறார்கள்; அலுக்கவில்லை. பிறகு இந்தியில் மெஹ்மூத் கண்டக்டராக வர, 1972இல் அது ‘பாம்பே டு கோவா’ ஆயிற்று. அமிதாப் பச்சன்கூட ஏறிய பஸ் அது.

இந்தப் பஸ் படத்தைப் பெரம்பலூர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ரயில் கிடையாது. ரயிலேற அரியலூர் போக வேண்டும், அரியலூர் போக பஸ் ஏற வேண்டும். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோம். 2001இல் அரியலூர் எங்களைவிட்டுப் பிரிந்தது, மறுவருஷமே திரும்பிச் சேர்ந்தது, 2007இல் மறுபடி தனிக்குடித்தனம் போனது. இத்தனை ரகளைக்கும் பஸ் மட்டும் இரண்டு ஊருக்கும் நடுவில் மாமியார் வீட்டுத் தூதுபோல ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கள் பக்கத்தில் யாரும் உல்லாசப் பயணம் போனதாக எனக்கு நினைவில்லை. காதுகுத்து, பெண் பார்ப்பது, பெரியாஸ்பத்திரி, சமயபுரம். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும் நாள். அன்றைக்குப் படியில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தால் அதுவே அம்மன் அருள். சந்தோஷம் என்பது போகிற வழியில் தானாக ஏறிக்கொள்கிற பயணி, டிக்கெட் எடுக்காமல்.

சின்னப் பையனாக ஒருநாள் செட்டிகுளத்திலிருந்து பெரம்பலூருக்கு வந்துகொண்டிருந்தேன். செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். ஒரு அம்மா வெங்காய மூட்டையைப் பின்படி வழியாக ஏற்றி சீட்டுக்கடியில் தள்ளிவிட்டார். “லக்கேஜ் போடணும்மா” என்றார் கண்டக்டர். “இது லக்கேஜா? மக வீட்டுச் சீரு” என்றார் அம்மா. சீருக்கும் சார்ஜ் உண்டு என்று அவர், உன் அக்காவுக்குச் சீர் கொண்டுபோனால் சார்ஜ் கொடுப்பாயா என்று இவர். பஸ் முழுக்க இரண்டு கட்சியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து குறுக்கே ஒரு ஆடு. டிரைவர் போட்ட பிரேக்கில் சாக்கின் தையல் விட்டது. வெங்காயம் சரசரவென்று முன்பக்கம் ஓடி, கியர் கம்பிவரை போய்ச் சேர்ந்தது. காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிரைவர் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, “பொறுக்குங்கப்பா, மிதிச்சா நாறும்” என்றார்.

பொறுக்கினோம். இரண்டு கட்சியும்தான். கண்டக்டர் தோல்பையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு குனிந்தார். எல்லாம் முடிந்து சாக்கைத் தூக்கிப் பார்த்த அம்மா, “ரெண்டு படி கொறையுதே” என்றார். ஒரே நிசப்தம். பிறகு ஒரு பெரியவர் வேட்டி மடிப்பை அவிழ்த்தார். பின்னாலேயே ஒரு மஞ்சள் பை, ஒரு முந்தானை, ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். கடைசியாகக் கண்டக்டரின் சட்டைப் பையிலிருந்து நாலைந்து விழுந்தன. பஸ் குலுங்கியது, இன்ஜின் ஓடாமலே. அவர் அதற்குப் பிறகு லக்கேஜ் பேச்சே எடுக்கவில்லை.

ஜெனிவீவில் சண்டை போடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். அது நல்ல படம்தான், ஆனால் வீட்டுச் சண்டையைச் சக்கரத்தில் வைத்து ஓட்டியது. நாகேஷின் பஸ்ஸில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. அந்த இக்கட்டில்தான் சிரிப்பு கூடுதலாக விளைகிறது என்பது என் கட்சி.

இப்போது எங்கள் பக்கமும் கார் வந்துவிட்டது. நாற்கரச் சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போகிறார்கள். திருமாந்துறை சுங்கச்சாவடியில் மட்டும் கொஞ்சம் வேகம் குறைகிறது. சாலையோரம் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் ஆட்களோடு வந்து மோதிக்கொண்ட இடம். திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் பொழுதில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனில் தனித்தனியாகச் சிரிக்கிறார்கள்.

அடுத்தமுறை திருச்சி போக வேண்டியிருந்தால் காரை வீட்டில் விட்டுவிட்டு, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வாருங்கள். சொகுசு பஸ் வேண்டாம், நின்று நின்று போகிறதில் ஏறுங்கள். சில்லறை மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள்; கண்டக்டர்கள் அந்த விஷயத்தில் இன்னும் மாறவில்லை.