செட்டிக் கம்பத்தில் கற்ற பாடம்

தோட்டப்புற இளைஞர் தலைவர்கள் இருபதின்மர் சென்ற ஆண்டு மலாக்காவின் காஜா பெராங்கிலுள்ள செட்டிக் கம்பத்திற்குச் சென்றனர். அவர்களுடன் செல்லும் வாய்ப்பு எனக்கும் கிட்டியது.

'மலாக்கா செட்டிகள்' எனப்படும் இச்சிறு சமூகத்தாரின் முன்னோர், 15ஆம் நூற்றாண்டில், சுல்தான்கள் காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்த தமிழர். உள்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே நிலைத்தனர். நாளடைவில் வீட்டுமொழி மலாய் ஆயிற்று. பெண்டிர் உடை சாரோங் கெபாயா ஆயிற்று. ஆயினும் சைவ நெறியை அவர்கள் கைவிட்டாரில்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்தம் முன்னோர் கண்டதே. போகியன்று வாழையிலையில் மூதாதையருக்குப் படையலிடும் 'பார்ச்சு' இன்றும் தவறாது நடைபெறுகிறது.

மாலைப் பூசையில் தேவாரம் ஓதப்பெற்றது. மூதாட்டி ஒருவர் கைகூப்பியபடியே, "கேட்டுக் கேட்டு மனப்பாடம், பொருள்தான் தெரியாது" என்று மலாய் மொழியில் கூறினார். எங்கள் இளைஞர் ஒருவர் அவர் அருகில் அமர்ந்து அடியடியாகப் பொருள் சொன்னார். அம்மையாரின் கண்கள் கலங்கின.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் பட்டணங்களில் சிதறி வாழும் காலம் இது. சிறு கூட்டமாயினும் ஒன்றுபட்டு நின்றால் கோயிலையும் வழிபாட்டையும் காக்கலாம் என்பதற்குச் செட்டி மக்களே சான்று. மொழியோ, வீட்டில் பேசினாலன்றி நிலைப்பதில்லை. இதனையும் அவர்களிடமே கற்றோம்.

மாணவச் செல்வங்களே! பள்ளியில் பயிலும் தமிழை வீட்டிலும் பேசுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் பாடும் பாட்டின் பொருளை அவர்களே அறிதல் வேண்டும்.