இரண்டு ஜிகாபைட்டில் ஒரு குடித்தனம்

பவானிபூரில், ஜதுபாபு பஜாருக்குப் பின்புறச் சந்தொன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது எங்கள் அறை. இருவர் படுத்தால் மூன்றாமவர் நிற்கத்தான் வேண்டும். ஊரிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியை நான் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. திறந்தால் பொருள்களை எங்கே வைப்பது? இந்த அறையில் அமர்ந்துதான் ஒரு சின்னஞ்சிறு கணினிக்குள் லினக்ஸைக் குடிவைக்கப் பாடுபட்டேன்.

கணினியின் பெயர் பீகிள்போன் பிளாக். 2013-இல் வெளிவந்தது, மிட்டாய்த் தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்க்கும் உலையின் வெப்பநிலையை அதுவே குறித்துவந்தது. பழைய பலகையாதலால் அதன் சேமிப்பகம் 2 ஜிகாபைட்தான். கூடுதல் அட்டை செருகும் வாயை யாரோ முன்பே உடைத்துவிட்டார்கள். எனக்கு முன்னிருந்த ஒருவர் அதில் டெபியனை மேசைத்திரை, உலாவி சகிதம் ஏற்றிவைத்திருந்தார். திரையே இல்லாத பொறிக்கு உலாவி எதற்கு, சொல்லுங்கள்!

ஒன்பது நாள் வளர்த்த படிகத்தின் கடைசி இரவில், நான் எழுதிய நிரல் ஏதோ கோளாறால் பிழைச்செய்திகளை ஓயாது கக்கியிருக்கிறது. எஞ்சிய இடமும் நிரம்பிற்று. விடியற்காலையில் பார்த்தால் பதினோரு மணிக்குமேல் ஒரு வெப்பநிலைகூட இல்லை. பிழை முழுதும் என்னுடையது. ஆசிரியர் திட்டவில்லை, "மறுபடியும் வளர்" என்றார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வீங்கிய பதிவுக்கோப்பை உடனே அழித்தேன். இடம் மீளவில்லை! மறுபடி பார்த்தேன்; அப்போதும் இல்லை. நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை பெயர்தான் போகும், இடம் போகாது என்பதை அன்றுதான் கற்றேன். நிரலை நிறுத்தியதும் இடம் வந்தது.

பின்னர் பலகையை அறைக்குக் கொண்டுவந்து களையெடுப்பைத் தொடங்கினேன். மேசைத்திரை போயிற்று. முன்பு இறக்கிய பொதிகளின் மிச்சம் போயிற்று. கையேடுகளையும் விளக்கக் கோப்புகளையும் நீக்கினேன். அடுத்த புதுப்பிப்பில் அவை திரும்பி வாராதபடி டிபிகேஜிக்கும் சொல்லிவைத்தேன். பிஸிபாக்ஸ் என்றொரு நிரல் உண்டு. ஒரே கோப்பு, பல கட்டளைகளின் பெயரில் வேலை செய்யும். டெபியனை நிறுவும் ஒற்றை நெகிழ்வட்டில் அடங்கவேண்டுமென்று 1995-இல் புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கியது அது. அதைக்கொண்டே முழு அமைப்பையும் கட்டலாம். எனக்கோ பைதானும் அதன் துணைகளும் வேண்டியிருந்தமையால் டெபியனையே இளைக்க வைத்தேன்.

இதே நகரத்துப் பராநகரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1956-இல் நாட்டின் முதல் எண்முறைக் கணிப்பொறி ஓடியது. அதன் சுழலுருளை நினைவகம் 1024 சொற்கள் மட்டுமே கொள்ளும். அதில் கணக்குப் போட்டவர்களை நினைத்து, முணுமுணுப்பதை நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில் மொழிபெயர்ப்புக் கோப்புகள். ஆங்கிலம் நீங்கலாக எல்லாம் போகட்டும் என்று இறங்கியவன், 'டிஏ' என்ற அடைவைக் கண்டதும் கை தயங்கினேன். தமிழ்! திரையில்லாப் பொறியில் அதை யார் படிப்பார்? அறிவு அழி என்றது, நான் அழிக்கவில்லை. தோளுக்குப் பின்னிருந்து எட்டிப்பார்த்த வங்காள அறைத்தோழன், "எங்கள் 'பிஎன்' என்ன பாவம் செய்தது?" என்றான். அதுவும் தப்பியது.

உலை மீண்டும் எரிகிறது. இன்று ஏழாம் நாள். பலகையில் பாதிக்குமேல் காலி. இருந்தும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.